அண்ணன் திருத்தாத பிரசங்கம்

மலாக்காவில், காஜா பெராங்கில் நல்லையா வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டிரஸ்ஸர் வீடு என்று கேட்டால், ரிக்‌ஷா ஓட்டுகிற சீனர்கூட வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுகிற வேலை அவருக்கு. அதோடு, வெள்ளைக்கார டாக்டருக்கும் தோட்டத்திலிருந்து வரும் நோயாளிக்கும் நடுவில் நின்று பேச்சைக் கைமாற்றுகிற வேலையும் உண்டு. அவர் என் சித்தப்பா. என் அப்பா அப்பாசாமிக்கு ஒரே தம்பி.

டாக்டர் ஒரு முழ நீளத்துக்கு இங்கிலீஷ் பேசுவார். சித்தப்பா அதை, "புகையிலையை விடு, இல்லேன்னா செத்துப்போவே" என்று முடித்துவிடுவார். நோயாளி தன் மாமியாரில் தொடங்கி, மாடு தொலைந்த கதை வழியாக, மெதுவாக வயிற்றுக்கு வந்து சேர்வார். சித்தப்பா டாக்டரிடம் வயிற்றை மட்டும் சொல்வார். இரண்டு பக்கமும் திருப்தியாகக் கலைவார்கள்.

இந்தத் திறமையைப் பார்த்துத்தான் எங்கள் சபையில் அவரை மேடையேற்றினார்கள். காஜா பெராங் சாலையோரம், தகரக் கூரை போட்ட சின்ன ஆலயம் எங்களுடையது. சபை தமிழ்ச் சபை. போதகர் மட்டும் வெள்ளைக்காரர். மலாக்காவில் பல வருஷம் இருந்தும் அவருக்கு வந்த தமிழ் "ஸ்தோத்திரம்", "உட்காருங்கள்" இரண்டும்தான். அதனால் அவர் ஒரு வாக்கியம் இங்கிலீஷில் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் சித்தப்பா அதைத் தமிழில் சொல்வார். போதகர் "நான்" என்றால் சித்தப்பாவும் "நான்" என்றே சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். ஒருமுறை போதகர் தன் ஊர்க் குளிரைப் பற்றிப் பேசினார். சித்தப்பாவும், "ஆறு அப்படியே உறைந்துவிடும், நான் அதன்மேல் நடந்துதான் பள்ளிக்கூடம் போனேன்" என்றார். அன்று புதிதாக வந்திருந்த ஒரு பெரியவர், டிரஸ்ஸர் சின்ன வயசிலேயே தண்ணீர்மேல் நடந்தவராம் என்று பஸ் ஸ்டாண்டு வரை பரப்பிவிட்டார். புண்ணே இல்லாத இரண்டு மூன்று பேர் அந்த வாரம் ஆஸ்பத்திரிக்கு வந்து சித்தப்பாவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அப்பாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் வீடு. அப்பா ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி, சபையில் மூப்பர். முன் பெஞ்சில் முதல் ஆளாக உட்கார்ந்து, கறுப்பு அட்டை போட்ட வேதப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொள்வார். இங்கிலீஷ் அவருக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் வேதத்தைத் தமிழுக்குக் கொண்டுவர எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள், அதை ஒரு மருந்துக்கட்டுக்காரன் வாய்க்கு வந்தபடி அவிழ்த்துக் கட்டக் கூடாது என்பது அவர் கொள்கை.

இந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம், சித்தி. சித்தி கமலவேணி காஜா பெராங்கில் செட்டிக் கம்போங் என்கிற குடியிருப்பைச் சேர்ந்தவர். மலாக்காச் செட்டிகளுக்குப் பெயர் தமிழ்ப் பெயர், கும்பிடுவது நம்மூர்ச் சாமி, பேசுவது மட்டும் மலாய். சித்தப்பா அவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டபோது அப்பா சொன்னாராம்: "வேதம் தெரியாதவ, சரி. தமிழும் தெரியாதவளா?" அன்றோடு தம்பி வீட்டு வாசல்படி மிதிப்பதை விட்டார். எனக்கு அப்போது பால்பல் விழுந்துகொண்டிருந்தது. இப்போது மீசை வரப்போவதாகக் கண்ணாடி சொல்கிறது. அப்பா இன்னும் மிதிக்கவில்லை. நான் மட்டும் சித்தி வைக்கும் சம்பலுக்காக வாரத்தில் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். அம்மாவுக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்தும் தெரியாது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. சித்தப்பா சொன்ன தமிழ் பிடிக்காவிட்டால் அப்பாவின் ஆள்காட்டி விரல் மேலே போகும். தம்பியைப் பார்க்க மாட்டார். கூரையைப் பார்த்து, "வேதத்தில் அப்படி இல்லை" என்பார். சித்தப்பாவும் அண்ணனைப் பார்க்க மாட்டார். சபையைப் பார்த்து, "வேதத்தில் அப்படி இல்லையாம்" என்று ஆரம்பித்துச் சரிசெய்வார், அல்லது சரிசெய்ய மாட்டார். போதகர் கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு காத்திருப்பார். பிரசங்கத்துக்குப் பெரியவர்கள் பதில் குரல் கொடுப்பது தமிழர் வழக்கம் என்று அவர் நினைத்திருந்தார். யாரும் அதை மறுத்துச் சொல்லவில்லை.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தைப் பற்றி ஒருநாள் பிரசங்கம். போதகர் அன்றாட ரொட்டி என்றார். சித்தப்பா, "அன்றாடச் சோறு" என்றார்.

விரல் எழுந்தது. "அப்பம்."

"அப்பம்னு இருக்காம்," என்றார் சித்தப்பா சபையிடம். "ஆனா நம்ம ஊர்ல அப்பத்தைச் சாயங்காலம் டீக்குத்தானே திங்கிறோம்? சோறு இல்லாம எவன் வேலைக்குப் போவான்?"

பின் பெஞ்சிலிருந்து யாரோ, "சோறுதான் சரி" என்றார்.

"ஆண்டவர் பசியாற வந்தது காஜா பெராங்குக்கு இல்லை," என்றார் அப்பா கூரையிடம்.

பின் பெஞ்சுப் பையன்களான எங்களுக்கு அந்த நாட்களில் பிரசங்கம் அலுத்ததே இல்லை. எந்த வாக்கியத்தில் விரல் எழும் என்று போட்டி வைப்போம். அப்பாவின் காது சிவப்பதை வைத்து நான் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் என்னைப் போட்டியில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின்னும் அப்பா அடங்க மாட்டார். தாத்தா வைத்திருந்த புத்தகத்தில் பராபரன் என்று இருந்ததாம். அப்பாவின் புத்தகத்தில் தேவன். மெட்ராஸில் புதிதாக அச்சடித்ததில் கடவுள் என்று போட்டிருக்கிறார்களாம். "இப்படி ஆளாளுக்கு மாத்தினா கடைசியில யாரைக் கும்பிடுறதுன்னே தெரியாது" என்பார். இதை நான் சித்தப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் கட்டுத்துணி சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒருத்தன் வந்து மாத்தித்தான் இருக்கான்டா. மாத்துனவன் எல்லாம் அந்தக் காலத்துல ஒரு மூப்பர்கிட்ட திட்டு வாங்கித்தான் இருப்பான். என் முறைக்கு நான் வாங்குறேன்."

ஆனால் எப்போதும் சித்தப்பா பக்கம்தான் நியாயம் என்று சொல்ல முடியாது. தவறு செய்த ஒரு பெண்ணைக் கல்லெறிய இழுத்துவந்த கதை. ஆண்டவர் குனிந்து தரையில் விரலால் எழுதினார் என்று போதகர் சொன்னார். சித்தப்பாவுக்கு அன்று வேகம் வந்துவிட்டது. "கல்லோடு வந்தவன் ஒவ்வொருவனும் என்னென்ன திருட்டுத்தனம் செய்தான் என்று பெயரோடு எழுதினார்" என்று சேர்த்துக் கட்டிவிட்டார்.

அப்பா விரலைத் தூக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டார். கூரையை விட்டுவிட்டு நேராகத் தம்பியைப் பார்த்தார்.

"என்ன எழுதினார்னு வேதம் சொல்லலை. அதை நீ எழுதாதே!"

சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டு, "எழுதினார். அவ்வளவுதான்" என்று திருத்தினார்.

அன்று மத்தியானம் நான் போனபோது அவர் சித்தியிடம் மலாயில் அளந்துகொண்டிருந்தார். அண்ணன் என்னை "நீ" என்றார், கூரையிடம் இல்லை, என்னிடமே சொன்னார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் பார்க்கத் திட்டு வாங்கிய மனிதர் மாதிரியே இல்லை. பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய பையன் மாதிரி இருந்தார். அந்த மாதிரிப் பையனை நான் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்தது. பண்டார் ஹிலிர் திடலில் ஊரே கூடி, விடுதலை என்பதை மலாயில் "மெர்டேக்கா" என்று கத்தியது. கூட்டம் தள்ளித் தள்ளி, அப்பாவையும் சித்தப்பாவையும் தோளோடு தோளாகக் கொண்டுவந்து நிறுத்தியது. சித்தப்பா, "அண்ணே" என்றார். அப்பா இரண்டு கையையும் தூக்கி, "மெர்டேக்கா!" என்று தொண்டை கிழியக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. கத்தி முடித்ததும் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்துவிட்டார்.

அதன்பின் தோட்டத்துத் துரைகள் ஒவ்வொருவராக ஊருக்குக் கிளம்பினார்கள். எங்கள் போதகருக்கும் முறை வந்தது. அவர் இடத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தமிழ்ப் போதகர் வருகிறார் என்று அறிவித்தார்கள். சபைக்கு ஒரே சந்தோஷம். "இனிமே நடுவுல ஆள் வேண்டாம்" என்று செயலாளர் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். நடுவில் நின்ற ஆளும் தட்டினார்.

வெள்ளைக்காரப் போதகரின் கடைசிப் பிரசங்கத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நான் காஜா பெராங் வீட்டுக்குப் போனேன். சித்தப்பா தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். சித்தி என்னைப் பார்த்து, நீயே கேள் என்பதுபோல முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனார்.

"என்ன சித்தப்பா, மீன்ல உப்பு இல்லையா?"

"இனிமே உங்கப்பா என்கிட்ட என்னத்தடா பேசப்போறாரு?" என்றார். "என் தப்பு இருந்துச்சு, வாயைத் திறந்தாரு. புது ஆளு தமிழ்லயே பேசுவாரு. அதுவும் யாழ்ப்பாணத்துத் தமிழ். தப்பே இருக்காது. நான் ஒரு மூலையில உட்காருவேன், அவர் ஒரு மூலையில உட்காருவாரு. செத்தா பெட்டி தூக்கத்தான் வருவாரு."

எனக்கு இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டால் என்ன செய்வதென்று தெரியாது. அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அப்போ நாளைக்கு நல்லதா நாலு தப்பு பண்ணிடுங்க."

சித்தப்பா சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"பெரிய தப்பா இருக்கணும். சின்னதுன்னா கூரையைப் பார்ப்பாரு. பெருசுன்னா எழுந்து நிப்பாரு. எழுந்தாத்தான் என்னைப் பார்த்து 'நீ'ன்னு வரும்."

"வந்தா?"

"சபை முன்னாடியே 'அண்ணே'ன்னு பதில் சொல்லுவேன். அங்க கத்துறதுக்கு மெர்டேக்கா கிடையாது. எங்க ஓடுவாரு?"

மறுநாள் ஆலயத்தில் உட்கார இடமில்லை. போதகர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் என் வாயாக இருந்தவருக்கு நன்றி சொல்ல இன்று ஒரு கதையைத் தேர்ந்தெடுத்தேன் என்றார். சித்தப்பா அதைச் சரியாகவே சொன்னார்.

கதை, யோசேப்பு கதை. அண்ணன்கள் அவனை அடிமையாக விற்றுவிடுகிறார்கள். அவன் எகிப்து தேசத்தில் பெரிய அதிகாரியாகிறான். பஞ்ச காலத்தில் அதே அண்ணன்கள் தானியம் வாங்க அவன் முன்னால் வந்து நிற்கிறார்கள். அவனுக்கு அவர்களைத் தெரிகிறது, அவர்களுக்கு அவனைத் தெரியவில்லை. அவன் அந்த ஊர்ப் பாஷையில் பேச, நடுவில் ஒருவன் நின்று மாற்றிச் சொல்கிறான். அவர்கள் தங்களுக்குள் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டது யோசேப்புக்கு நேராகவே புரிந்துவிடுகிறது. நடுவில் நின்றவனுக்கு வேதத்தில் பெயரே இல்லை, இன்று அவனைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றார் போதகர்.

முதலில், அண்ணன்கள் தானியம் வாங்க வந்தார்கள் என்றார்.

"மீன் வாங்க வந்தார்கள்," என்றார் சித்தப்பா.

பின் பெஞ்சில் ஒரு சலசலப்பு. நான் அப்பாவின் காதைப் பார்த்தேன். நல்ல சிவப்பு. ஆனால் விரல் எழவில்லை. புத்தகம் மடியில் மூடியபடி இருந்தது.

ஞாயிறு பள்ளி நடத்தும் ஜெயா டீச்சரால் பொறுக்க முடியவில்லை. "டிரஸ்ஸர், தானியம்!" என்றார்.

"நீங்க சும்மா இருங்க டீச்சர்," என்றார் சித்தப்பா. அவர் பார்வை முன் பெஞ்சிலேயே இருந்தது.

போதகர் அடுத்த வாக்கியம் சொன்னார். சித்தப்பா, "யோசேப்புதான் எல்லாருக்கும் மூத்தவர்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். கொஞ்சம் அதிகமாகவே நிறுத்தினார். முன் பெஞ்சிலிருந்து சத்தமே இல்லை. கூரையைக்கூட அப்பா பார்க்கவில்லை. தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகருக்கு எதுவும் தெரியாது. அவர் கதையின் உச்சத்துக்கு வந்துவிட்டார். அண்ணன்கள் பேசியதைக் கேட்டு யோசேப்பு அந்தப் பக்கம் திரும்பி அழுதான் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார்.

சித்தப்பா இன்னொரு முறை முன் பெஞ்சைப் பார்த்தார்.

"யோசேப்பு அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்," என்றார்.

அப்பா எழுந்தார். சித்தப்பா ஒரு அடி முன்னால் வந்துவிட்டார், வாய் "அண்ணே" என்று சொல்லத் தயாராகத் திறந்திருந்தது. அப்பா புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வெளியே போய்விட்டார்.

மீதிப் பிரசங்கத்தைச் சித்தப்பா ஒரு தப்பும் இல்லாமல் சொன்னார். வேதத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி. அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

நான் வீட்டுக்குப் போனபோது அப்பா கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் கம்முனு இருந்தீங்க?" என்றார் அம்மா.

"கடைசி நாள். ஊரே பார்க்குது. அவனை நிறுத்திவெச்சுத் திருத்தக் கூடாதுன்னு வாயைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். மரியாதையா இறங்கட்டும்னு. அவன் என்னடான்னா..." அப்பா இன்னொரு சுற்று நடந்தார். "யோசேப்பு சிரிச்சானாம்! அழுத மனுஷனைப் போய்!"

"அப்போ போய் அவர்கிட்டயே சொல்லிட்டு வாங்களேன்," என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் எனக்கு ஒரு அறை விழும். அன்று விழவில்லை. அப்பா புத்தகத்தை எடுத்துக்கொண்டு சைக்கிளை இறக்கினார். நான் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டேன்.

சித்தி வீட்டு வாசலில், கம்போங்கின் எல்லா வீட்டிலும் போல, மாவிலை கட்டியிருக்கும். அப்பா அதற்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். சித்தப்பா கைலியோடு வெளியே வந்தார்.

"யோசேப்பு சிரிச்சானா?" என்றார் அப்பா.

"இல்லண்ணே. அழுதாரு."

"மீன் வாங்கவா வந்தாங்க?"

"தானியம்."

"யோசேப்பா மூத்தவன்?"

"இல்லண்ணே, அவருக்கு மேல பத்துப் பேரு."

"அப்போ தெரிஞ்சேதான் சொல்லியிருக்கே."

"நீங்க திருத்துவீங்கன்னு பார்த்தேன்," என்றார் சித்தப்பா. "இன்னைக்கு விட்டா இனிமே எப்போ திருத்துவீங்க?"

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சித்தி அகப்பையும் கையுமாக வந்துவிட்டார். யார் நிற்பது என்று பார்த்தார். ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு முகமெல்லாம் மலர, "மாசோக்லா, பாங்!" என்றார். உள்ளே வாங்க அண்ணா, சோறு தயார் என்று மலாயில் படபடவென்று அழைத்தார்.

அப்பா தம்பியிடம் திரும்பினார். "நான் சாப்பிட வரலைன்னு சொல்லு. திருத்தத்தான் வந்தேன்னு சொல்லு."

சித்தப்பா சித்தியிடம் திரும்பி மலாயில் சொன்னார்: "அண்ணன் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையாம். பசியில் உயிர் போகிறதாம்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். மார்க்கெட்டில் மீன்காரனோடு தினமும் மலாயில்தான் சண்டை போடுவார். ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கும். கை மெதுவாக மேலே வந்தது, விரல் நீண்டது. சித்தி அதற்குள் உள்ளே ஓடியிருந்தார், தட்டை வைக்கும் சத்தம் கேட்டது.

அப்பா அந்தக் கையால் மாவிலையை ஒதுக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து உள்ளே போனார்.

சுவரில் இருந்த சாமி படங்களுக்கு முதுகைக் காட்டாமலும் முகத்தைக் காட்டாமலும் ஒரு கோணத்தில் உட்கார்ந்தார். புத்தகத்தைக் குழம்பு தெறிக்காத தூரத்தில் வைத்தார். சித்தி மீன் பிண்டாங் குழம்பு பரிமாறினார். அப்பா பேசாமல் சாப்பிட்டார். இரண்டாவது முறை போட வந்தபோது நிமிர்ந்து, "சுக்குப்" என்றார். போதும் என்று அர்த்தம். சித்தியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. சித்தி அதைத் தனக்குத் தோன்றியபடி எடுத்துக்கொண்டு, இன்னும் பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டார். அப்பா அதையும் சாப்பிட்டார்.

கை கழுவி, துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார்.

"முதல்லேர்ந்து வா. தானியம்."

யோசேப்பில் ஆரம்பித்தது, எங்கெங்கோ போயிற்று. இத்தனை வருஷத்தில் விரல் தூக்கியும் சித்தப்பா சரிசெய்யாத இடங்கள் எல்லாம் அப்பாவுக்கு மனப்பாடமாக இருந்தன. அப்பத்துக்கும் சோற்றுக்கும் மட்டும் அரைமணி நேரம் போனது. ஒரு கட்டத்தில் சித்தப்பா மேஜையைத் தட்டினார், அப்பாவும் தட்டினார், சித்தி பயந்துபோய் என்ன சண்டை என்று என்னிடம் கேட்டார். சண்டை இல்லை, சும்மா பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னேன்.

வெயில் இறங்கியதும் அப்பா புத்தகத்தை மூடினார்.

"இது ஒரு நாள்ல முடியற வேலை இல்லை. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிஞ்சு வர்றேன்."

"அடுத்த ஞாயிறு புதுப் போதகர் பேசுவாரேண்ணே," என்றார் சித்தப்பா.

"பேசட்டும்." அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். "நீயும் முன் பெஞ்சுக்கு வந்துடு. அந்த ஆள் எங்கெங்க தப்பு விடுறார்னு ரெண்டு பேருமா பார்ப்போம்."